எந்த நூறு பிள்ளைகள்

ஸ்கேன் எடுத்த டாக்டர் எட்டு என்று சொன்னார். எதில் எட்டு என்று கேட்டேன். நூறில் எட்டு என்றார். என் மகள் பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் எழுபதுக்குக் கீழே வாங்கியதில்லை. அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளை நூற்றுக்கு எட்டு என்றதும் நான் மிஷின் திரையை எட்டிப் பார்த்தேன்.

அது மார்க் இல்லை என்று அவர் விளக்கினார். முப்பத்திரண்டு வாரம் முடிந்த நூறு பிள்ளைகளை எடை வாரியாக வரிசையில் நிறுத்தினால், எங்கள் பிள்ளை எடை குறைந்த முனையிலிருந்து எட்டாவதாக நிற்குமாம். பத்துக்குக் கீழே நிற்கிற பிள்ளையைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். சிலது வயிற்றுக்குள்ளேயே வளர்ச்சி நின்று சோர்ந்துபோகுமாம். சோர்ந்துபோகும் என்பதை அவர் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். அந்தத் தயக்கத்தில் இன்னொரு சொல் இருந்தது எனக்குக் கேட்டது.

"எந்த நூறு பிள்ளைங்க சார்?" என்றேன்.

"அப்படின்னா?"

"அந்த நூறு பேருக்கும் ஊரு எது? ராஜபாளையமா?"

அவர் சிரித்தார். "அது மிஷின்லயே இருக்கு பெரியவரே. வெளிநாட்டுச் சார்ட்டு. எல்லாரும் அதத்தான் பாக்கோம்."

மகள் என் முழங்கையைக் கிள்ளி வெளியே இழுத்து வந்தாள். "அப்பா, வெளிய பதினோரு பேரு காத்துக்கிட்டு இருக்காங்க. நீங்க மிஷினுக்கு ஊரு கேக்கீங்க."

பதினோரு பேர் என்று நானும் எண்ணியிருந்தேன். அந்தப் பழக்கம் அவளுக்கு என்னிடமிருந்து வந்ததுதான்.

நான் நூல் மில்லில் சோதனை அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நூலை நூற்றிருபது கெஜம் சுற்றி எடுத்து, எடை போட்டு, நூலின் சன்னம் நாற்பதாம் நம்பரா, முப்பத்தொன்பதுக்கு இறங்கிவிட்டதா என்று சொல்வது என் வேலை. அளவுகோல் எங்கிருந்து வந்தது என்ற சந்தேகம் அங்கே எனக்கு வந்ததில்லை. வாங்குகிறவன் நாற்பது கேட்டால் நாற்பதுதான் அளவு. பிள்ளைக்கு யார் வாங்குகிறவன்? அன்று பழைய பஸ் ஸ்டாண்டு வழியாக ஆட்டோவில் வரும்போது இதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் வீட்டு மாடியில் ஒரு டாக்டர் பெண் குடியிருந்தாள். தென்காசிப் பக்கம். தினமும் ஸ்கூட்டியில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகளைப் பார்க்கிறவள். சாயங்காலம் அவள் படியேறும்போது மறித்துக்கொண்டு, நூறில் எட்டைப் பற்றிக் கேட்டேன். ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்று கேட்டாள்.

"நீங்க கேட்டது சரியான கேள்வி சார். நாங்களும் அதுக்குத்தான் அளந்துக்கிட்டு இருக்கோம்," என்றாள்.

அவளும் கூட வேலை பார்க்கும் டாக்டர்களும் சேர்ந்து இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு சார்ட் போடுகிறார்களாம். ராஜபாளையம், சேத்தூர், வத்திராயிருப்பு என்று சுற்று வட்டாரத்திலிருந்து வருகிற தாய்மார்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளை, எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்று பிரித்து, எடை, நீளம், தலைச் சுற்றளவு மூன்றையும் அளந்து வைக்கிறார்கள். போதுமான பிள்ளைகள் சேர்ந்ததும் வாரத்துக்கு வாரம் கோடு இழுப்பார்கள். நடுக்கோடு, கீழ்க்கோடு, மேல்கோடு.

"உங்க கோட்டுல எங்க பிள்ளை எங்கம்மா நிக்கும்?"

ஸ்கேன் தாளில் இருந்த எடையைக் கேட்டுக்கொண்டு அவள் செல்போனைத் தேய்த்துப் பார்த்தாள். "இது இன்னும் முடியாத கணக்கு சார். இத வச்சு எதுவும் முடிவு பண்ணக் கூடாது. சும்மா பாத்தா, பத்துக்கு மேல நல்லாவே தள்ளி நிக்குது."

எனக்கு மூச்சு வந்தது. கீழே போய் மனைவியிடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த குழப்பம் பிடித்துக்கொண்டது. காலையில் எட்டாவதாக நின்ற பிள்ளை ஒரு கிராம் கூடாமல் சாயங்காலம் எப்படிப் பத்தைத் தாண்டியது? பிள்ளை நகரவில்லை. வரிசையில் நின்ற மற்ற பிள்ளைகளைத்தான் மாற்றியிருக்கிறார்கள். நோஞ்சான்களோடு நின்றால் யாரும் தேறிவிடலாமே.

மனைவியிடம் இதை விளக்கப் போனேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"நம்ம ஊருப் புள்ள நம்ம ஊருப் புள்ள மாதிரி இருக்கு. இதுக்கு எதுக்கு ராத்திரி எந்திச்சு எந்திச்சு உக்காருதீக?" என்றாள்.

அடுத்த வாரம் டாக்டர் பெண்ணிடம், எப்படி அளக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும் என்று கேட்டேன். சோதனை அறை ஆசாமிக்கு அளக்கிற விதத்தைப் பார்க்காமல் எந்த எண் மேலும் நம்பிக்கை வராது. பார்வையாளர் நேரத்தில் வாருங்கள், வாசலோடு நிற்க வேண்டும் என்றாள். பஸ் ஏறிப் போனேன்.

அளக்கிற அறையில் கண்ணாடித் தொட்டில் மாதிரி ஒரு தராசு இருந்தது. முதலில் டாக்டர் பெண் துணியை மட்டும் போட்டு எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். பிறகு பிள்ளையின் உடுப்பை எல்லாம் எடுத்துவிட்டு வைத்தாள். நீளத்துக்கு ஒரு பலகை. தலை முட்டுகிற பக்கம் அசையாதது, கால் பக்கம் நகர்வது. முழங்காலை ஒரு நர்ஸ் மெல்ல நீட்டிப் பிடிக்க, பலகையை நகர்த்தினாள். ஒவ்வொன்றையும் இரண்டு பேர் தனித்தனியாக அளந்தார்கள். இருவரும் சொன்ன எண் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாம் தடவை. நான் குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன். கிடைக்கவில்லை.

அப்போது வத்திராயிருப்புப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள், மகளுக்குப் பிறந்த பிள்ளையைத் துணியோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு தராசுக்கு விட மாட்டேன் என்றாள்.

"ஏம்மா டாக்டரு, தராசுல வைக்க இது என்ன நெலக்கடலையா? கண்ணு பட்டுரும்."

"நான் பாக்குறப்ப ஒரு கண்ண மூடிக்கிடுதேன் ஆச்சி."

"பாக்க ஒரு கண்ணு போதாதாக்கும்."

"சரி, நம்பர நீங்களே பாத்துச் சொல்லுங்க. உங்க கண்ணு படாதுல்ல?"

அந்த அம்மாள் யோசித்து ஒத்துக்கொண்டாள். எண்ணை வாசிக்கத் தெரியாது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது போலும். "நீயே பாரு, சத்தமாச் சொல்லாத" என்றாள்.

அளந்து முடிந்ததும் டாக்டர் பெண் ஒரு காரியம் செய்தாள். "ஆச்சி, செத்த நேரம் வெளிய போயி டீ குடிச்சிட்டு வாங்க" என்று அந்த அம்மாளை அனுப்பிவிட்டு, ஓரமாக உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பெற்றவளிடம் கேட்டாள்: "கடைசி ரெண்டு மூணு மாசம் ராத்திரி என்ன சாப்பிட்ட?"

அவள் வாசலை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். "ஒரு இட்லி. அம்புட்டுதான். ஏழு மாசத்துக்குப் பொறவு அம்மா சோத்தக் கொறைச்சுட்டாக. புள்ள பெருத்துட்டா வயித்தக் கிழிக்கணுமாம்லா. கொறச்சுத் தின்னா சுகப்பிரசவம் ஆகும்னாக."

"பசிக்கலயா?"

"பசிக்கத்தான் செஞ்சிச்சு."

அம்மாவை எதற்கு வெளியே அனுப்பினாய் என்று பிறகு கேட்டேன். பக்கத்தில் நின்றால் எல்லாரும் நல்லாச் சாப்பிட்டேன் என்றுதான் சொல்வார்களாம். அரை வயிறு சாப்பிட்ட தாயின் பிள்ளையைச் சார்ட்டில் சேர்ப்பதா வேண்டாமா என்று அவர்களுக்குள்ளேயே இன்னும் பேச்சு ஓடுகிறதாம்.

"சேத்தா, எங்க ஊருப் பசியையும் சேத்து இதுதான் சரியான எடைன்னு எழுதிருவோம் சார். சேக்காம விட்டா, இந்த ஊருல எத்தன பேரு மிஞ்சுவாங்கன்னு தெரியல. இன்னொன்னும் இருக்கு. முப்பத்திரண்டு வாரத்துல பொறந்துட்ட பிள்ளையும், முப்பத்திரண்டு வாரத்துல இன்னும் வயித்துல இருக்குற பிள்ளையும் ஒன்னு இல்ல. சீக்கிரம் பொறக்குறதுக்கே ஏதாவது காரணம் இருக்கும்ல."

ஊசி குத்தின இடமெல்லாம் ரத்தம் வருகிற மாதிரி, தொட்ட எண்ணிலெல்லாம் கேள்வி வந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் முதல் முறையாக மகளின் தட்டைப் பார்த்தேன். எனக்கு நாலு இட்லி. மனைவிக்கு மூன்று. மகளுக்கு ஒன்றும், இன்னொன்றில் பாதியும். வளைகாப்பு முடிந்து அவள் இங்கே வந்து ஆறு வாரம். இவ்வளவு எண்ணுகிற நான் அதை எண்ணவில்லை.

"இவளுக்கு ஏன் ஒன்னரை?" என்றேன்.

மனைவி சட்னியைக் கிளறிக்கொண்டே, "போதும்னு சொல்லுதா" என்றாள்.

"யாரு போதும்னு சொல்லுதா? நீ கொறைக்கியா?"

"கொறைச்சாத்தான் என்ன? எங்கம்மா எனக்குக் கொறைச்சுத்தான் போட்டா. ரெண்டே கால் கிலோல இவளப் பெத்தேன், அரை மணி நேரத்துல. இப்ப இவ இருவது வயசுப் பயலுக அறுவது பேர நிக்க வச்சுப் பாடம் நடத்துதா. எந்தச் சார்ட்டுல இவ கொறஞ்சு போனா?"

ஒரே ஒரு நூல் கண்டை வைத்து முழு லாட்டையும் பாஸ் பண்ணக் கூடாது என்று சொல்லலாம். ஆனால் அந்தக் கண்டு என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"அந்த ஸ்கேன்காரர் சின்னதுன்னு சொல்லுதாரே, அது நீ கொறைச்சதாலன்னா?" என்றேன்.

மனைவியின் கை நின்றது. அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"அம்மாவ ஏன் கேக்கீங்க?" என்றாள் மகள். "நான்தான் வேண்டாம்னேன். அம்மா சொல்லுறதுக்கு முன்னாடியே. என்கூட வேலை பாக்குற மேடத்துக்குப் புள்ள மூணே முக்கால் கிலோ. ஒரு நாள் பூரா வலி, கடைசில ஆபரேஷன், பொறவு தையல் பிரிஞ்சு இன்னொரு தடவ. எனக்குப் பயமா இருக்குப்பா. சின்னதா இருந்தா வந்துரும்னு நெனச்சேன்."

அவள் எம்.எஸ்ஸி. படித்தவள். ஆபரேஷனுக்குப் பயந்து தானே பாதி வயிறு சாப்பிட்டுக்கொண்டு அவளும், அவள் அம்மா குறைக்கிறாள் என்று நானும், மகள் தானாகவே போதும் என்கிறாள் என்று அவள் அம்மாவும், ஒரே தட்டை மூன்று பேரும் மூன்று விதமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாடியிலிருந்து டாக்டர் பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் வந்து மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "சாப்பிட்டா உடனே பிள்ளை ஊதிராது அக்கா. கொறைச்சா ஈசியா வந்துரும்ங்கறதும் நிச்சயம் இல்ல. பசிச்சா சாப்பிடுங்க. முட்டை சாப்பிடுவீங்கள்ல?" என்றாள். மகள் அழுதாள். மனைவி எழுந்துபோய் இரண்டு முட்டையை வேக வைத்தாள். என்னை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

பிள்ளையின் அசைவைக் கவனித்து எண்ணச் சொல்லியிருந்தார்கள். சாப்பிட்டபின் இடது பக்கம் படுத்துக்கொண்டு எண்ண வேண்டும். மகள் எண்ணினாள். நான் நாற்காலியில் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். அவள் ம் என்றால் ஒன்று. சிலநாள் ம் வர நேரமாகும். அப்போதெல்லாம் கடிகாரம் ஓடுகிறதா என்று காதில் வைத்துப் பார்ப்பேன்.

"புள்ள உதைக்கதுக்கு ஒரு ஆம்பள கணக்கு வச்சத நான் எங்கயும் கண்டதில்ல," என்றாள் மனைவி. ஆனால் அவளும் மாவு ஆட்டுவதை விட்டுவிட்டு வந்து நிற்பாள்.

இரண்டு வாரம் கழித்து ஸ்கேனில் ஒன்பது. அடுத்ததில் மறுபடியும் எட்டு. ஒன்பதுக்கு நான் சந்தோஷப்பட்டதும் எட்டுக்குச் சாப்பிடாமல் படுத்ததும் இரண்டுமே தப்பு என்றாள் டாக்டர் பெண். ஸ்கேனில் எடை போட முடியாது, தலையையும் வயிற்றையும் தொடை எலும்பையும் அளந்து ஊகிக்கிறார்கள், அந்த ஊகம் அப்படியும் இப்படியும் போகும், ஒரு எண்ணின் வித்தியாசத்தில் ஒன்றும் இல்லை என்றாள். அப்படியானால் எட்டு என்று சொன்னதை எட்டு என்று ஏன் நம்ப வேண்டும் என்றேன். நம்பாமலும் இருக்க முடியாது என்றாள். பிள்ளை தன் கோட்டில் தானே வளர்கிறதா, தொப்புள்கொடியில் ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா, இதுதான் முக்கியம் என்றாள்.

ராஜபாளையத்து டாக்டர் வேறு விதமாகச் சொன்னார். அவரும் நல்ல டாக்டர்தான். "ரத்த ஓட்டம் நல்லாத்தான் இருக்கு. ஆனாலும் பத்துக்குக் கீழ. முப்பத்தேழு வாரம் முடியட்டும், மருந்து வச்சுப் பொறக்க வச்சிருவோம். வெளிய வந்துட்டா நம்ம கையில இருக்கும். உள்ள இருந்து ஏதாவது ஆச்சுன்னா என்ன பண்றது?"

வீட்டில் மூன்று நாள் இதே பேச்சு. எடுத்துவிட்டால், இன்னும் உள்ளே வளர வேண்டிய பிள்ளையை ஒரு வெளிநாட்டுக் கோட்டுக்காக வெளியே இழுத்ததாக ஆகும். விட்டுவிட்டால், முடியாத ஒரு கணக்கை நம்பி உண்மையிலேயே சோர்ந்துகொண்டிருக்கிற பிள்ளையை உள்ளே விட்டதாக ஆகும். டாக்டர் பெண்ணிடம் வாங்கி, இரண்டு சார்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கோடுகள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் தள்ளி ஓடின, தண்டவாளத்தை யாரோ இரண்டு தடவை வரைந்த மாதிரி. எங்கள் பிள்ளை இரண்டு கீழ்க்கோட்டுக்கும் நடுவில் இருந்தது. அங்கேதான் இருக்க வேண்டுமா?

திருப்பூரிலிருந்து மருமகன் போன் செய்தார். "மாமா, நீங்க கணக்குப் போட்டுச் சொல்லுங்க, அதுபடி செய்வோம்" என்றார். போனை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

மகள்தான் முடிவு செய்தாள். "அசைவு நல்லா இருக்கு. ரத்த ஓட்டம் நல்லா இருக்கு. வாரம் ரெண்டு தடவ போயிப் பாத்துக்கிடுதேன். ஒன்னு தப்பினாலும் அன்னைக்கே எடுக்கச் சொல்லிருவேன். ஸ்ரீவில்லிபுத்தூர்லயே பாத்துக்கிடுவோம்."

"ஆபரேஷன்னா?" என்றாள் அவள் அம்மா.

"ஆபரேஷன்னா ஆபரேஷன்."

அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லிவிட்டு, இன்னும் இரண்டு இட்லி இருக்கிறதா என்று கேட்டாள்.

முப்பத்தொன்பதாவது வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வலி எடுத்தது. மதியத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது. ஆபரேஷன் இல்லை. மூச்சுத் திணறல் இல்லாமல் நன்றாக அழுதது என்றார்கள். இரண்டு கிலோ ஐந்நூற்று நாற்பது கிராம். கேட்டவுடன் என் மனைவி, "நான் பெத்தத விட முந்நூறு கிராம் கூட" என்றாள். கழித்துப் பார்த்தேன். இருநூற்றுத் தொண்ணூறு. சொல்லவில்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது ஒரு நர்ஸ் வந்து பிள்ளையின் குதிகாலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள். பிள்ளை வீறிட்டது. எதற்கு என்று கேட்டதற்கு, எடைக்குச் சின்னப் பிள்ளை, ரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிடும், சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றாள். சுவரில் ஒட்டியிருந்த சார்ட்டைக் காட்டினாள். அதில் எங்கள் பிள்ளை கீழ்க்கோட்டுக்குக் கீழேதான் இருந்தது.

டாக்டர் பெண் வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏம்மா, உன் கோட்டுல இவ கீழ இல்லயே. இவளுக்கு எதுக்கு ஊசி?"

"என் கோடு இன்னும் பாதில இருக்கு சார். அத நம்பி ஊசிய விட்டு, பிள்ளைக்குச் சர்க்கரை எறங்கிப்போச்சுன்னா? சார்ட்டு முடிஞ்சு, பெரியவங்க பாத்துச் சரின்னு சொல்றவரைக்கும் சுவத்துல இருக்குறதுதான்."

"அப்ப நீ அளக்குறது எதுக்கு?"

"இதே கேள்விய வீட்டுலயும் கேக்காங்க சார்," என்று சிரித்தாள்.

நான் விடவில்லை. ஒன்றரை மாதமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன். "இவ சின்னதா இருக்காளே, எங்க வீட்டு வாகே அப்படித்தான்னு சின்னதா இருக்காளா, ஆறு வாரம் ஒன்னரை இட்லி தின்னதால சின்னதா இருக்காளா?"

அவள் பிள்ளையைப் பார்த்தாள். பிறகு தூங்கிக்கொண்டிருந்த என் மகளைப் பார்த்தாள்.

"தெரியாது சார்."

ஒரு டாக்டர் அப்படிச் சொல்லிக் கேட்பது எனக்கு அதுதான் முதல் தடவை. கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"ரெண்டு வருசம் வளரட்டும். எப்படி ஏறி வாரான்னு பாத்தா ஓரளவு சொல்லலாம். அப்பவும் நிச்சயமாச் சொல்ல முடியாது," என்றாள்.

அடுத்த ஊசிக்கு நர்ஸ் வந்தபோது பிள்ளையை நான் வைத்திருந்தேன். குதிகால் என் கட்டைவிரல் நுனி அளவுதான் இருந்தது. சர்க்கரை நன்றாக இருந்தது. அதற்கடுத்த தடவையும் நன்றாக இருந்தது. ஒவ்வொரு முறையும் என் மனைவி சுவரைப் பார்த்துத் திட்டினாள். எந்த ஊர்க்காரனோ வரைந்த படத்துக்கு எங்கள் பிள்ளை காலில் ஓட்டை போடுகிறார்கள் என்றாள். மறுநாள் காலையும் சரியாக இருந்தபின், இனி குத்த வேண்டாம் என்றார்கள்.

டாக்டர் பெண் சுற்றுக்கு வந்தபோது மனைவி கேட்டாள். "ஏம்மா, ஒங்க சார்ட்டு எப்ப முடியும்?"

"இன்னும் எம்புட்டோ பிள்ளைங்க பொறக்கணும் அத்தை."

மனைவி வார்டைச் சுற்றிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒன்பது தொட்டில். ஒரு பிள்ளை கொட்டாவி விட்டது. எதிர்க் கட்டிலில் புதிதாக ஒருத்தியைக் கொண்டுவந்து படுக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கூட வந்த அம்மாள் கையில் ஒரு தூக்குப் போணி இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று என் மனைவி அந்த அம்மாளிடம் போய்க் கேட்டாள்.